மேனேஜர் வாயில் என் அபிப்பிராயம்

21 ஜனவரி 1974, திங்கள்
செவ்வாப்பேட்டையில் ரயில் முக்கால் மணி தாமதம். பாக்டரிக்குள் நுழைந்ததுமே மேனேஜர் ரங்கசாமி, "இத்தாலிக்காரன் கத்திக்கினு கீறான், நீ ஆடி அசைஞ்சு வரே" என்றார். மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்திருக்கும் புரூனோவுக்கு இத்தாலிய பாஷை தவிர வேறெதுவும் வராது. சென்னையில் ஒரு இத்தாலியப் பாதிரியாரிடம் ஏழு வருடம் குமாஸ்தாவாக இருந்த பாவத்துக்கு, இருவருக்கும் நடுவில் நான்.

23 ஜனவரி
அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. வடகிழக்கு மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் நிலமாக இருந்த இடம் அது. அப்பா விற்று ஆறு வருடமாகிறது. சித்திரையில்கூட அந்த மூலையில் மாடு முழங்கால் வரை இறங்கும். ஏர் ஓட்டாமல் விட்டுவிடுவோம். மேலே கொட்டிய செம்மண்ணைப் பார்த்துக் கெட்டித் தரை என்று நினைக்கிறார்கள். பதினாறு டன் மெஷின். அதை ஓட்டப் பக்கத்தில் நிற்கப்போவது என் மைத்துனன் குப்புராஜ்.

மேனேஜரிடம் சொன்னேன். "நீ இன்னா இன்ஜினியரா? அவன் சொல்றத எனுக்கு சொல்லு, நான் சொல்றத அவனுக்கு சொல்லு. நடுவுல உன் சரக்கு வேணாம்."

25 ஜனவரி
புரூனோ எதற்கெடுத்தாலும் எல்லோரையும் கருத்துக் கேட்கிறார். கலவை போடும் கோவிந்தம்மாவைக்கூடக் கேட்கச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைக் கேட்டபோது நானும் பல்லிளித்தேன்.

"செகோந்தோ மே" என்று ஆரம்பித்தால் போதும், 'என் எண்ணப்படி' என்று ஆகிவிடும். மெனக்கெட்டால் பலனுண்டு என்பதற்கு "வாலே லா பேனா". எல்லாம் தெரியும். ரயிலில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் முன்னால் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று தமிழிலேயே வராது எனக்கு. இத்தாலிய பாஷையில் எங்கே வரும்?

28 ஜனவரி
நாளை கான்கிரீட். எல்லாம் சரிதானா என்று புரூனோ கடைசியாக ஒருமுறை கேட்டார். "சரின்னு சொல்லு, டைம் வேஸ்டு பண்ணாத" என்றார் மேனேஜர்.

நான் சொன்னது இது: மேனேஜரின் கருத்துப்படி, அந்த மூலையை இன்னும் ஆறடி தோண்டிப் பார்ப்பது — வாலே லா பேனா.

பொய்தான். ஆனால் என் பெயரில் சொல்வது அதைவிடப் பெரிய குற்றமாகத் தோன்றியது. இன்னா பிறவி நான்?

புரூனோ மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னாத்துக்கு கை குடுக்கறான்?" என்றார் மேனேஜர். "தோண்டிப் பாக்கணுமாம் சார்" என்றேன். நாலடியிலேயே கறுப்புச் சேறு. கடப்பாரை தானாக இறங்கியது.

9 பிப்ரவரி
மேனேஜரைப் புகழ்ந்து புரூனோ ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்கிறார். வியாழனன்று பாராட்டுக் கடிதம் வந்தது. அன்று ரங்கசாமி முழித்தார். என்னைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. இன்று ஆட்களிடம், "எனுக்கு அப்பவே தோணிச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பற்றிக்கொண்டு வருகிறது. யாரைத் திட்ட? தூக்கிக் கொடுத்தவன் நான்தானே.

வீட்டில் மனைவி கனகாம்பாளிடம் புலம்பினேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சினு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

2 மார்ச்
புரூனோ ஊருக்குக் கிளம்பிவிட்டார். கடைசி வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

4 மார்ச்
மொழிபெயர்க்க ஒன்றுமில்லையாம். வாசலில் உட்கார்ந்து கேட் பாஸ் எழுதுகிறேன்.

14 ஜூன், வெள்ளி
இரண்டாவது மெஷின் வரப்போகிறது. காலையில் ரங்கசாமி வாசலுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தெக்குப் பக்கம் எப்டிப்பா? உங்க நிலந்தானே அது?" என்றார். சொன்னேன். பழைய கிணறு வரை கெட்டி, அதைத் தாண்டினால் ஆகாது என்று.

பத்து நிமிடம் கழித்து ஆபீஸ் ஜன்னல் வழியாக அவர் குரல், சென்னையிலிருந்து வந்த இன்ஜினியரிடம்: "என் அபிப்பிராயம் இன்னான்னா சார், கிணத்தத் தாண்டக் கூடாது."

"ஏன்?" என்று கேட்டார் இன்ஜினியர்.

ரங்கசாமி பையனைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

கேட் பாஸ் புத்தகத்தை மூடினேன். கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். "அது என் அபிப்பிராயம் சார்" என்றேன். ரங்கசாமி என்னைப் பார்க்கவில்லை. இன்ஜினியர் வரைபடத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.