இரண்டாம் குரல் போன தெரு

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் அட்டைப் பெட்டி வைத்திருந்தார்கள். போன வருடத்துக் குருத்தோலைகளை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து அதில் போட வேண்டும். எரித்தால் விபூதிப் புதனுக்கு நெற்றியில் பூசச் சாம்பல். வருடா வருடம் நடப்பதுதான். நான் குனிந்து பார்த்தேன். காய்ந்த தென்னங்குருத்துக்கு ஒரு வாசனை உண்டு, பழைய பாயைச் சுருட்டி வைத்த மாதிரி. உள்ளே கிடந்த ஓலைச் சிலுவைகளில் பாதிக்கு மேல் உன் கைவேலை. நீ பின்னினால் சிலுவையின் கழுத்தில் ஒரு மடிப்பு அதிகமாக இருக்கும்.

"உங்க வீட்டோடது எங்கம்மா?" என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆன்ட்டி கேட்டார்.

"பூச்சி அரிச்சிருச்சு ஆன்ட்டி."

பொய். என் பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நீ என் கையில் வைத்த சிலுவையை எரிக்கக் கொடுக்கும் அளவுக்கு எனக்குப் பக்தி இல்லை.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பாடல் குழுவில் நாம் ஏழு வருடம் முன்னும் பின்னுமாக நின்றோம். நான் முன் வரிசை, முதல் குரல், அதாவது எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. நீ பின் வரிசை, இரண்டாம் குரல். மெட்டுக்குக் கீழே நின்று அதைத் தாங்குகிற குரல். தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே பிடிபடாது. "செகண்ட் வாய்ஸ் ஈஸ் லைக் ஃபவுண்டேஷன், வெளிய தெரியக் கூடாது" என்பார் மாஸ்டர். அதற்கு நீ என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது: "ஆமா, எல்லாத்துக்கும் எங்களைத்தான் அடியில போடுவானுங்க."

மாஸ்டர் குரலைப் பார்த்துத்தான் வரிசை பிரித்தார் என்று அப்போது நம்பினேன். பின் வரிசையில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் உங்கள் ஏரிக்கரைத் தெரு என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் பங்கு மண்டபம் உங்கள் தெருவால்தான் நிறையும். உன் அப்பா தென்னை ஏறி வெட்டிய குருத்துகளைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். ஈரத்துணி போர்த்தியிருக்கும். நீ ஏற்றுமதிக் கம்பெனி ஷிஃப்ட் முடித்து, தையல் மெஷின் சத்தம் இன்னும் தலைக்குள் ஓட, தரையில் உட்கார்ந்து பின்னுவாய். மறுநாள் காலை மாதா சிலை நிற்கும் மெயின் ரோட்டுக் கெபியில் ஃபாதர் குருத்தை மந்திரித்து, பவனி புறப்படும். ஸ்பீக்கரும் கீபோர்டும் ஒரு மூன்று சக்கர வண்டியில். அதன் பின்னால் நாம், நமக்குப் பின்னால் ஓலை ஏந்திய மொத்தப் பங்கும். எங்கள் வீடுகள் இருக்கும் மூன்று தெருக்களில் நின்று நின்று பாடி, கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் திரும்பிக் கோயிலுக்குப் போவோம். பாலத்தைத் தாண்டினால் உங்கள் தெரு. நடந்தால் இரண்டு நிமிடம்.

பவனி உங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று நீ ஒவ்வொரு வருடமும் கேட்டாய். ரோடு சரியில்லை என்றார்கள். வெயில் ஏறிவிடும் என்றார்கள். வயதானவர்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றார்கள். அந்த வயதானவர்கள்தான் மூன்று மணி நேரம் க்யூவில் நின்று வேளாங்கண்ணியில் மாதாவைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

"எங்கப்பா வெட்ன ஓலை உங்க தெரு மூணும் சுத்தினு வருது. எங்க வூட்டாண்ட மட்டும் வராதா சார்?" என்று ஒரு பயிற்சியில் நீ மாஸ்டரிடமே கேட்டாய்.

"பாட வந்தியா, பாலிடிக்ஸ் பேச வந்தியாமா?"

"ரெண்டுக்கும் ஒரே வாய்தான் சார் கீது."

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். அப்படிச் சிரித்தே அதை முடித்துவிடும் பழக்கம் எங்களுக்கு இருந்தது.

போன வருடம், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவை உன் கோரிக்கையை ஒருவழியாகக் கூட்டத்தில் எடுத்தது. குழுவின் சார்பில் போனவள் நான். "நீ பேசுடி. நீ சொன்னா கேப்பாங்க. உங்கூட்டு ஆளுங்கதான் அங்க உக்காந்துகினு கீறாங்க," என்று நீ என்னை அனுப்பினாய். செயலாளர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பாடல் குழு என்னம்மா சொல்லுது? போகலாமா?"

எதிரே பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் எனக்கு ஆன்ட்டி, அங்கிள். எல்லோரும் என் வாயிலிருந்து எதை எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது. "ஸ்பீக்கர் வண்டி அந்தப் பாதையில ஏறாது அங்கிள்," என்றேன். அது உண்மைதான், பாலத்துக்கு அப்புறம் வெறும் சேறும் ஜல்லியும். உண்மையை வைத்துக்கொண்டு எவ்வளவு நாணயமாகப் பொய் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வண்டி ஏறாது, பவனி வராது என்று உன்னிடம் போனில் சொன்னேன். "சரி வுடு," என்றாய்.

அந்தக் குருத்து ஞாயிறு பவனி பாலத்தருகே வந்தது. வண்டி இடது பக்கம் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். என் முதுகுக்குப் பின்னால் வழக்கமாகக் கேட்கிற குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நீ பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தாய். கையில் ஓலை, பாட்டு நிற்கவில்லை. சண்டை போடவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. உன் அப்பா மட்டும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உன் பின்னால் நடந்தார். மாஸ்டர் கீபோர்டின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

பூசை பாதியில் நீ கோயிலுக்கு வந்தாய். செருப்பில்லாத காலெல்லாம் சேறு. முடிந்ததும் என் கையைப் பிடித்து இந்தச் சிலுவையை வைத்தாய். "வண்டிதானடி ஏறாது. காலு ஏறிச்சு பாரு." கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை நாள் உறுத்தியிருக்காது. நீ சிரித்தாய்.

கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். உனக்குக் காய்ச்சல், நாலாவது நாள் மூச்சு வாங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. வண்டி அந்தப் பாதையில் ஏறாது. உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்களாம். பாலம் வரைக்கும் உனக்கு நினைவு இருந்தது என்று உன் அப்பா சொன்னார். ரோடு போட வேண்டியவர்கள் போடவில்லை, அது பெரிய குற்றம், அதை எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன். ஆனால் அந்த ரோட்டைக் காரணம் காட்டியவர்களின் வரிசையில் என் பெயரும் இருக்கிறது.

குழுவில் யார் இறந்தாலும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாட வேண்டும் என்பது வழக்கம். அதனால் வந்தோம். உன் தெருவுக்குள் பாடல் குழு முதல் தடவையாக வந்தது உன் சாவுக்கு. மாஸ்டர் இரண்டு அடக்கப் பாட்டு முடித்தார். அப்போது உன் அப்பா, "அந்தக் குருத்து ஞாயித்துக்கிழமை பாட்டு, பாப்பா இங்க பாடிகினு வந்ததே, அத்தப் பாடுங்க சார்," என்றார்.

"அது சந்தோஷப் பாட்டுப்பா. சாவு வீட்ல பாடக் கூடாது."

உன் அப்பா தானே ஆரம்பித்தார். தெரு சேர்ந்துகொண்டது. வாசலில் நின்ற பெண்கள், சாமியானா கட்டியவர்கள், இந்துக்காரர்கள், எல்லோரும். முதலில் எனக்கு என்ன பாட்டு என்றே தெரியவில்லை. எங்கள் வரிசையில் ஒருத்தி, "ராகமே தப்பு," என்று கிசுகிசுத்தாள். அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் பாடியது இரண்டாம் குரல். குருத்து ஞாயிறன்றும் அதற்கப்புறமும் உன் தெரு தன் வாசலில் அந்தப் பாட்டைக் கேட்டது உன் வாயிலிருந்து மட்டும்தான். உனக்கு ஏழு வருடமாகப் பழகியதைத்தான் பாடியிருக்கிறாய், மெட்டுக்கு மாறத் தோன்றவே இல்லை. அவர்களுக்கு அதுதான் பாட்டு. மாஸ்டர் திருத்துவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார்.

மேலே மெட்டு இல்லாமல் அது நின்றது. நான் வாயைத் திறந்தேன், மெட்டு வரப் பார்த்தது, மூடிக்கொண்டேன்.

இந்த வாரம் பேரவைக் கூட்டத்தில் பவனிப் பாதையை நானே எழுப்பினேன். ஃபாதர் மாற்றலாகிறார், புதிதாக வருபவர் முடிவு செய்யட்டும் என்றார்கள். விடவில்லை. செயலாளர் சார் போன வருடத்துக் கூட்டக் குறிப்பு நோட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, என் பக்கம் திருப்பினார்.

"வண்டி ஏறாதுன்னு நீங்கதானம்மா சொல்லியிருக்கீங்க. மினிட்ஸ்ல இருக்கு."

இருந்தது. என் பெயரோடு இருந்தது.

"வண்டி வேண்டாம் அங்கிள்," என்றேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நேற்றுப் பயிற்சியில் பின் வரிசைக்குப் போய் உன் இடத்தில் நின்றேன். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இரண்டாம் குரல் எனக்குச் சரியாக வரவில்லை. இரண்டு வரிக்கு ஒருமுறை மெட்டுக்குத் தாவிவிடுகிறேன். ரயிலில் காட்டாங்குளத்தூர் வரை முணுமுணுத்துப் பழகுகிறேன், பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். குருத்து ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாலத்தருகே வந்ததும் இடது பக்கம் திரும்பாமல் நேரே பாலத்தில் ஏறினால், உன் தெருவில் யாரும் என்னைப் பார்த்து ராகம் தப்பு என்று சொல்லிவிடக் கூடாது.