மலையேறும் முன் மதி சொன்னது

14 அக்டோபர் 2025, செவ்வாய்

மதியம் பிள்ளைகளைச் சத்துணவு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது பண்ணைக்காட்டிலிருந்து டெய்சி அக்கா கூப்பிட்டாள். “ரோசி, மதிக்குச் சிலுவை கட்டியாச்சு. கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் வந்து மந்திரிக்கிறாரு. இந்தத் தடவையாவது பிள்ளைகளக் கூட்டிட்டு வா.”

“வாரேன்க்கா” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மதி புதைக்கப்பட்டு மூன்று வருடம் ஆகிறது. அக்காவின் ஒரே பிள்ளை. நான் இன்னும் அந்தக் கல்லறையைப் பார்க்கவில்லை. அடக்கத்தின்போது அமலி என் வயிற்றில் நாலு மாதம். வயித்துப்பிள்ளைக்காரி கல்லறைப் பக்கம் வரக்கூடாது என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் கைக்குழந்தை, மலைக்குளிர் ஆகாது என்றேன். போன வருடம் ஆசிரியர் பயிற்சி என்றேன். அப்படி ஒரு பயிற்சியே இல்லை.

என் வீட்டுக்காரர் ரொனால்டு கேட்டார்: “லீவு கெடைக்குமா?” சனி ஞாயிறுதான், லீவே தேவையில்லை என்றேன். காலண்டரும் என் பக்கம் இல்லை.

17 அக்டோபர்

அமலிக்குச் சளி. இதைச் சொல்லிப் போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் சந்தோஷப்படுகிற தாய் இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

19 அக்டோபர், ஞாயிறு

பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன் சாமி” என்று மட்டும் சொன்னேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை, வெளியே வரிசை நீளம். மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு மூன்று மந்திரம்!

இன்று எழுதிவிடுகிறேன். இந்த டைரியில்கூட எழுதாமல் வைத்திருந்தது.

அந்த வருடம் காலாண்டு விடுமுறைக்கு மதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்து வயது. ஒன்பது நாள் இருந்தாள். அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டிய நாளன்று, காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன், லேசாகச் சூடு இருந்தது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தே விட்டேன். கிளம்புகிற நாளில் எந்தப் பிள்ளைக்குத்தான் தலை வலிக்காது? பள்ளிக்கூடத்தில் தினமும் பார்க்கிறவள் நான். வயிற்றுவலி, பல்வலி, எல்லாம் மணி அடித்ததும் போய்விடும். ரொனால்டு அதற்குள் கடைக்குப் போய்விட்டார். மதி, என் மகன் ஜோவின், நான், மூன்று பேரும்தான் பஸ் ஏறினோம்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வாந்தி மாத்திரை கொடுத்தேன். மலையேறுகிற எல்லாரும் அங்கேதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், பாதி உடைத்து. நான் முழுசாகக் கொடுத்தேன், விடுமுறைக்கு மலையிறங்கி வரும்போது நிறைய வாந்தி எடுத்திருந்தாள் என்பதால். தூங்கிவிட்டாள். பண்ணைக்காட்டில் தோளில் போட்டுத்தான் இறக்கினேன். “என்னடி, பிள்ளை இம்புட்டுத் தூக்கம் தூங்குது?” என்றாள் அக்கா. “முழு மாத்திரை போட்டிருக்கேன்க்கா, தூங்கட்டும்.” மூன்று மணிக்கு அக்கா எழுப்பப் போனாள். மறுபடி நான்தான், “தூங்கட்டும் விடுக்கா.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வலிப்பு வந்தது. ஜீப் பிடித்துக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். டாக்டர் கேட்டார்: “காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?” அக்கா சொன்னாள், “வரும்போது நல்லாத்தான் இருந்தா டாக்டர்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாத்திரை கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை, ஊரே கொடுப்பதுதானே. காலையில் இருந்த சூடு எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அந்த நாளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவேன். வாயைத் திறந்தால் அது வந்துவிடும். ‘பாவம், ரோசிக்கு அம்புட்டு பாசம், தாங்க முடியல’ என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

25 அக்டோபர்

சளி போய்விட்டது. இனி ஊருக்குப் போகத்தான் வேண்டும்.

அமலிக்கு இரண்டரை வயது. பகலில் தூங்கினால் அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கிறேன். அது அழுகிறது. ரொனால்டு திட்டுகிறார். பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

1 நவம்பர், சனி. பண்ணைக்காடு

வந்துவிட்டோம். அக்காவும் மச்சானும் கோயிலுக்கு மாலை கட்டப் போயிருக்கிறார்கள். அதற்குள் எழுதுகிறேன்.

வத்தலக்குண்டில் இறங்கியதும் ரொனால்டு நேராக மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார். ஜோவினுக்குப் பாதி, அமலிக்குக் கால் என்று நகத்தால் உடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். “என்ன வேண்டாம்? ஊத்து ஸ்டாப்பு தாண்டறதுக்குள்ள பஸ்ஸே நாறிடும்.” நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். நிஜமாகவே தட்டிவிட்டேன். மாத்திரை தரையில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டே பார்த்தது.

நாறத்தான் செய்தது. ஜோவின் நாலு தடவை, அமலி மூன்று தடவை. முன்சீட்டுக்காரர் சட்டையிலும் பட்டுவிட்டது. கண்டக்டர், “யக்கா, வத்தலக்குண்டுலயே மாத்திரை போட்டுவிட்டிருக்கலாம்ல? படிச்சவுகளாத் தெரியுறீக” என்றார். எனக்கு ஒவ்வொரு வாந்திக்கும் நிம்மதியாக இருந்தது. வாந்தி எடுக்கிற பிள்ளை முழித்திருக்கிறது.

கடைசிப் பத்து வளைவு இருக்கும்போது அமலிக்குக் கண் செருகியது. கிள்ளினேன். மறுபடி செருகியது, மறுபடி கிள்ளினேன். “ஏன்டி பிள்ளையக் கிள்ளுற? பைத்தியமா ஒனக்கு?” என்று ரொனால்டு அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். தூங்கிவிட்டது. அப்போது ஜோவின் சொன்னான்: “மதியக்காவும் இப்புடித்தான் தூங்குச்சு.”

அவனுக்கு அப்போது நாலு வயது. வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். தூங்குகிற அமலியை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடியே வீடு வரை நடந்தாள். ஒரு தடவைகூடக் காலடியைப் பார்க்கவில்லை. எங்களுக்கு மதியின் அறையைத்தான் கொடுத்திருக்கிறாள். அதே கட்டில். அமலி அதில்தான் படுத்திருக்கிறது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன், சுவாசம் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். “தூங்கட்டும் விடுடி” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

2 நவம்பர், ஞாயிறு. வீடு

சொல்லிவிட்டேன்.

கல்லறையில் காலையிலிருந்தே மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடி தள்ளி நிற்கிறவர் முகம் தெரியவில்லை. வெள்ளைச் சிலுவை, அதில் நீல எழுத்தில் தமிழ்மதி. எவ்வளவு சின்னக் குழி! நான் மனதில் பெரியவர்களுக்குப் போடுகிற அளவில் நினைத்து வைத்திருந்தேன். அக்கா செவ்வந்தியை உதிர்த்துப் போட்டாள். மச்சான் மிக்கேல்ராஜ் ஏற்றின மெழுகுவர்த்தி காற்றுக்கு அணைந்துகொண்டே இருந்தது, அவரும் சலிக்காமல் ஏற்றிக்கொண்டே இருந்தார். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். அமலி “உள்ள யாரு?” என்று கேட்டது. அக்காதான் சொன்னாள், “ஒங்க அக்கா.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு வடித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் வெளியே இருந்தார்கள். நான் நிலைப்படியில் நின்றபடி சொன்னேன். அன்னைக்குக் காலைலயே அவளுக்குச் சூடு இருந்துச்சுக்கா. தலை வலிக்குதுன்னா. நான்தான் சும்மா சொல்றான்னு கெளப்பிக் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் கேட்டப்ப ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தலையாட்டுனேன்.

அக்கா சட்டியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் கேட்டாள்: “வேற என்ன சொன்னா?”

எனக்குப் புரியவில்லை. வேற ஒன்றையும் மறைக்கவில்லை, இது மட்டும்தான் என்றேன். அவள் என்னைத் தாண்டிப் பின்வாசல் வழியாகக் காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. மச்சான்தான் பஸ் ஏற்றிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார்.

பஸ்ஸில் ரொனால்டிடமும் சொன்னேன். செம்பட்டி வரை பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். பிறகு, “எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல” என்றார். அவ்வளவுதான்.

9 நவம்பர்

அக்கா போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுக்கவில்லை.

12 நவம்பர்

மச்சான் ரொனால்டுக்குப் போன் செய்திருக்கிறார். அக்கா அவரிடம் சொல்லிவிட்டாளாம். “போன பிள்ளை போயிருச்சு, ரோசிய மனசத் தேத்திக்கச் சொல்லுங்க” என்றாராம். இந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? அழுதுகொண்டே மாவு அரைத்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். நலம்கூட விசாரிக்கவில்லை.

“அன்னைக்குக் காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லு. ஒண்ணும் விடாமச் சொல்லு.”

எதுக்குக்கா, என்றேன். அவள் கத்தினாள். என் அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை. “எதுக்கா? மூணு வருசமா எம்புள்ளையோட கடைசி நாள நீ ஒருத்தியே வச்சிருந்திருக்கடி! எங்கிட்ட தூங்குற பிள்ளையத்தான் குடுத்த. அவ பேசுனது பூராம் ஒங்கிட்ட இருக்கு. காய்ச்சல மறைச்சதக்கூட விட்டுருவேன். என்னமா பேசுனா, என்ன தின்னான்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா நீயி?”

சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என் பயத்துக்கு அந்த நாளையே பூட்டி வைத்தேன், அது யாருடைய நாள் என்று நினைக்கவே இல்லை.

சொன்னேன். ஒன்றரை இட்லி, சீனி தொட்டு. சிவப்பு ரிப்பன். செம்பட்டி வரை ஜோவினோடு ஜன்னலுக்குச் சண்டை. வத்தலக்குண்டில் மாத்திரை கசக்கிறது என்று துப்பப் பார்த்தாள், முறுக்கு வாங்கித் தருகிறேன் என்று விழுங்க வைத்தேன். அந்த முறுக்கை ஒரு கடிதான் கடித்தாள். கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

“எந்தக் கையில?” என்றாள்.

30 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுகிறாள். இன்று ரிப்பன் விஷயம். அதற்கு முந்தின ஒன்பது நாளையும் கேட்கிறாள். சொல்லச் சொல்ல எனக்கே மறந்தவை வருகின்றன. ஜோவினிடமும் கேட்டுச் சொல்கிறேன். மதியக்கா தனக்குப் பல்லியைக் காட்டிப் பயமுறுத்தியது என்றான். அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.

அவள் என்னை மன்னிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிறு தவறுவதில்லை.

7 டிசம்பர்

சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்தது. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

14 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு அக்காவும் மச்சானும் இங்கே வருகிறார்களாம். ரொனால்டுக்கு ஒரே சந்தோஷம், நட்சத்திரம் கட்ட ஏணி தேடிக்கொண்டிருக்கிறார்.

போனை வைக்கப் போகும்போது அக்கா கேட்டாள். இத்தனை வாரமும் இதைக் கேட்கத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். குரலே மாறிவிட்டது.

“ரோசி, அன்னைக்கு அவ என்னயத் தேடுனாளா?”

தேடவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வேறு ஒன்று சொன்னாள். “நான் ஊருக்குப் போகல சித்தி. இங்கயே இருந்துக்கிறேன், அம்மாகிட்ட சொல்லிருங்க.” அதனால்தான் தலைவலியை நான் நம்பவில்லை.

“தேடுனாக்கா” என்றேன். மதி கேட்டதாக ஒரு வாக்கியமும் நானே கட்டிச் சொன்னேன். வகுப்பில் கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள் நான். என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அக்கா இரண்டு தடவை சொல்லச் சொன்னாள், இரண்டு தடவையும் சொன்னேன். பிறகு அழுதாள், நெடுநேரம். “போதும்டி. இது போதும்” என்றாள்.

நேரில் வரும்போது கட்டாயம் மறுபடி கேட்பாள். ஒரு வார்த்தை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சொன்னதைச் சொன்னபடியே இங்கே எழுதி வைக்கிறேன்:

“சித்தி, பஸ்ஸ விட்டு எறங்குனதும் அம்மா நிப்பாங்கள்ல?”