வியாதிக்கு ஒரு காரணம்

கொச்சி
4.6.2024

அன்பு ஸ்ரீ அக்கா,

எனக்கு நிச்சயித்த ஹரிகுமார் இப்போதே என் வாட்ஸ்ஆப்பைத் திறந்து பார்க்கிறார். அதனால்தான் காகிதம். விரல் முட்டியில் சிவப்பு குறைந்ததா?

ஒரு உதவி செய். அவர் அம்மா உன்னைப் போனில் கூப்பிடுவார்கள். அக்காவுக்குத் தசை அழற்சி என்றால் நாளை எனக்கும் எனக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் வருமோ என்று அவர்களுக்குப் பயம். வைரஸ் காய்ச்சலில் வந்தது என்று சொல்லிவிடு. பரம்பரை என்ற பேச்சு வந்தால் இந்தக் கல்யாணம் நடக்காது.

உன் திவ்யா


ஆரியசாலை, திருவனந்தபுரம்
9.6.2024

எடீ திவ்யா,

படி ஏற முடியவில்லை. கையைத் தூக்க முடியாததால் அப்பாதான் தலை சீவிவிடுகிறார். கோணல் வகிடு.

டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன். "காரணம் இன்னதுன்னு உறப்பிச்சுச் சொல்ல முடியாது. பிறவியிலயே ஒரு சாய்வு இருக்கலாம். வைரஸோ, வெயிலோ, ஏதாவது மருந்தோ அதைத் தூண்டியிருக்கலாம். உடம்போட காவலே சொந்தத் தசையை அடிக்குது. தங்கச்சிக்கு வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு" என்றார். இதைச் சொன்னால் போதாதா? போதாது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு குற்றவாளி வேண்டும்.

எனக்கு உன்மேல் பொறாமை, திவ்யா. இருவருக்கும் ஒரே சோறு, ஒரே வெயில், ஒரே வாரத்தில் அதே காய்ச்சல். உன் தசை மட்டும் ஏன் சும்மா இருக்கிறது? கிழக்கேகோட்டையில் நகர்கிற பஸ்ஸில் நீ ஓடி ஏறுவதை நினைத்தாலே எரிகிறது.

ஆனாலும் காய்ச்சல் என்றே சொல்கிறேன்.

ஸ்ரீலட்சுமி


கொச்சி
13.6.2024

அக்கா,

உன் எரிச்சல் எனக்குப் புரிகிறது. என்னைத் திட்டிக்கொள். சொல்கிறேன் என்றாயே, அது போதும். கை தூக்காமல் போட முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை உனக்குத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தில் நீ முன்வரிசையில் உட்காரணும்.

திவ்யா


ஆரியசாலை
20.6.2024

திவ்யா,

நேற்று ஹரிகுமாரின் அம்மா கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று ஆரம்பித்தேன்.

"ஒளிக்காண்டாம் மோளே. காய்ச்சல் திவ்யாவுக்கும் வந்ததுதானே? நான் கேட்டதும் அவளே எல்லாம் சொல்லியாச்சு. தங்கச்சி அழகப் பாத்து அசூயைப்பட்டு, மெலியுறதுக்கு என்னமோ மாத்திரை வாங்கித் தின்னியாமே? பாவம்!"

அப்படி ஒரு மாத்திரையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உனக்குத் தெரியும்.

ஒரு வார்த்தையில் கல்யாணத்தை நிறுத்தியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், பொறாமையில் கெடுத்தாள் என்று ஊர் சொல்லும். நானும் நம்பியிருப்பேன்.

"ஆமா அத்தை" என்றேன்.

அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! தேதிகூடக் குறித்துவிட்டார்களாம்.

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. அவர் வந்து உன்னைத் தாரைவார்த்துக் கொடுப்பார். நான் வரமாட்டேன். இனி எனக்கு எழுதாதே.

ஸ்ரீலட்சுமி