ஊதா போர்டை இறக்கிவிட்டேன்

குற்றாலம்,
ஜூலை, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கிருபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு மட்டும் சுகமில்லாமல் இருந்தது, அதற்கும் நானே வைத்தியம் பார்த்துவிட்டேன். நீ அந்தக் குர்கான் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. போனில் சொன்னால் பாதியில் அழுகிறாய், வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி அம்மா அனுப்புகிற ஊறுகாய் பார்சலுக்குள் வைக்கிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. நம் லாட்ஜ் வாசலில் இருந்த, போனில் ரூம் பதிவு செய்து தருகிற உன் கம்பெனியின் ஊதா போர்டை நேற்று இறக்கிவிட்டேன். உன் வேலை நிரந்தரம் ஆகிறவரை பொறுக்கச் சொன்னாய், பொறுக்கவில்லை, ஏன் என்று கேள்.

உனக்கு அங்கே என்ன வேலை? லாட்ஜ் ஓனர்கள் வேறு கம்பெனிக்குத் தாவாமல் பிடித்து வைப்பது. ஓனர்கள் ஏன் போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் திரையில் படம் போட்டு மீட்டிங் நடத்துகிறீர்கள் என்று போன மாதம் பெருமையாகச் சொன்னாய். ஓனருக்கு நன்றி கிடையாது, அடுத்த கம்பெனிக்காரன் முதல் மூன்று மாதம் ரூம் வாடகையில் எனக்குப் பங்கு வேண்டாம் என்றதும் ஓடிவிடுகிறான் என்று உன் மேனேஜர் கண்டுபிடித்திருக்கிறாராம். நல்ல கண்டுபிடிப்பு, கைதட்டினீர்களா? பங்கு வேண்டாம் என்கிறவன் நான்காம் மாதம் சேர்த்துப் பிடுங்குவான் என்பது தெரியாமலா நாங்கள் லாட்ஜ் நடத்துகிறோம். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடித்துக் காற்றாலையில் ஏறி இறங்கினவன் நான், எனக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை, உன் மேனேஜர் நினைக்கிறபடி மூளை துருப்பிடித்துப் போகவில்லை. மெஷின் நின்றுவிட்டால் அதன் பெயின்ட் சரியில்லை என்று நான் சொல்ல மாட்டேன், எந்த வயரில் கோளாறு என்று பார்ப்பேன். உங்கள் கம்பெனிகளுக்கோ பெயின்ட் ஒன்றுதான் தெரிகிறது. முதலில் வந்தவன் சுவர் முழுக்க மஞ்சள் அடிக்க வைத்தான், பிறகு நீ பேச்சுக்கொடுத்து உன் கம்பெனியைக் கொண்டுவந்தாய், எல்லாம் ஊதா ஆயிற்று. தென்காசியில் போர்டு செய்கிற ஜஸ்டின் என்னைப் பார்த்தாலே ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொல்லுகிறான், இந்த லாட்ஜ் தொழிலில் நிச்சய லாபம் பார்க்கிற ஒரே ஆள் அவன்தான்.

பெயின்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பிறகு விரிப்புக்கு வந்தீர்கள். இந்தியா முழுக்க ஒரே மாதிரி வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை, அதுதான் உங்கள் தரமாம். குற்றாலத்துக்கு வருகிறவன் உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போகிறான், பாதி எண்ணெயோடு திரும்பி வந்து அப்படியே கட்டிலில் விழுகிறான். இது தெரிந்துதான் நான் கடையநல்லூர் கட்டம்போட்ட விரிப்பாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தேன், கறை விழுந்தது துணிக்கே தெரியாது. சோதனைக்கு வந்த உன் கம்பெனிப் பையன் வெள்ளை விரிப்பில் எண்ணெய்க் கறையைப் படம் பிடித்து மேலே அனுப்பி எனக்கு மார்க் குறைத்தான். குறைத்துவிட்டு அவனும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்க்கிறவரைத்தான் தேடிப் போனான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதையும் பொறுத்தேன்.

பொறுக்க முடியாமல் போனது போன வாரம். சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டு மெயின் அருவியில் கூட்டம் நெரிகிற நேரம், மலையில் கனமழை எச்சரிக்கை என்று வானிலை அறிக்கை வந்தது. இங்கே மழை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மழை இல்லாத குற்றாலத்துக்குக் காக்காய்கூட வராது. வெள்ளம் அதிகமானால் போலீஸ் கயிறு கட்டிக் குளிக்க விட மாட்டார்கள், அவ்வளவுதான், வந்த கூட்டம் ஊருக்குத் திரும்பாது, ரூமில் உட்கார்ந்து கோழி வறுத்துத் தின்றுகொண்டு தண்ணீர் குறையக் காத்திருக்கும். ஆனால் உன் கம்பெனி கம்ப்யூட்டர் என்ன செய்தது? மழையாம், ஆள் வர மாட்டானாம். நம் ரூம் விலையைத் தானாகவே பாதியாக்கியது, பதிவு செய்தவர்கள் இலவசமாக ரத்து செய்துகொள்ளலாம் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியது, கூடவே நீர்நிலைகளுக்கு அருகில் செல்லாதீர்கள் என்று ஒரு புத்திமதி. அருவிக்கு வந்தவனிடம் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்கிறது. சிவகாசியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினவர்கள் நம் கவுண்டரில் விலை கேட்டுவிட்டு, வாசலில் நின்று போனைத் தட்டி அதே ரூமைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் மேனேஜர் இசக்கியப்பன் முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, நாமளே வெளிய போயி நின்னு நம்ம ரூமை எல்லாம் பாதி வெலைக்குப் போன்ல எடுத்துருவமா? லாபமாத் தெரியுதே” என்றான். அவனை அடிப்பதா, உன் கம்பெனியை அடிப்பதா என்று தெரியவில்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன், மழையால் விருந்தினர் வரத்து குறையும் சார், உங்கள் நன்மைக்காகத்தான் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். ரோட்டில் கார் நிறுத்த இடமில்லை அம்மா என்றேன், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றாள். எதிர் லாட்ஜ் முகம்மது ரபீக் வந்து இதைக் கேட்டுவிட்டு, “வே ஜெபசிங், ஒம்ம மக கம்பெனிக்காரன் மழையைக் கண்டா குடையப் பிடிக்கான், நாம மழையைக் கண்டா கடையத் தொறக்கோம், ரெண்டு பேருக்கும் எப்படிவே ஒத்துப்போகும்” என்று கேட்டார். அவர் போன சீசனிலேயே ஊதாவை இறக்கிவிட்டார், அவர் போனதற்கும் இதே காரணம்தான், உங்கள் படத்தில் அவரும் நன்றி கெட்டவர் கணக்கில்தான் இருப்பார்.

அன்று சாயங்காலம் உன்னிடம் பேசினேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மழை பெய்தால் விலை குறைகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி உன் கம்பெனியில் பேசினபோது நீ இருந்தாயா என்று கேட்டேன், இருந்தேன் என்றாய். குற்றாலத்தில் மழைதான் சீசன் என்று ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இது, அப்படியே எழுதுகிறேன்: “எல்லாரும் பெரிய காலேஜ்ல படிச்சவங்கப்பா, நான் புதுசு, சொன்னா சிரிப்பாங்க.” ஏட்டி, அத்தனை பேர் இருந்த அறையில் அருவியில் நனைந்து வளர்ந்தவள் நீ ஒருத்திதானே, அவர்கள் படித்த எந்தக் காலேஜிலும் இல்லாத பாடம் அது. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பிறகு அப்பா நீங்கள் மட்டும் போகாதீர்கள், சொந்த அப்பாவையே நிறுத்த முடியவில்லை என்று என் பெயர் கெடும் என்கிறாய். அம்மா உன் பக்கம்தான், “ரெண்டு மாசம் அந்தப் போர்டு கெடந்தா ஒங்களுக்கு என்ன கொள்ளையா போவுது, பிள்ள வேலையில கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக காப்பி டம்ளரை ணங்கென்று என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். கொள்ளை போகட்டும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். ஆனால் உனக்காக நான் அதைத் தொங்கவிட்டிருந்தால், அந்த வேலை உன் திறமையால் நிலைத்தது என்று நாளைக்கு நீயே நம்பிவிடுவாய், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

புதிதாக வருகிறவன் சாம்பல் நிறக் கம்பெனி. அவன் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை, அவனும் பெயின்ட் டப்பாவோடுதான் வந்தான். ஆனால் சாரல் சீசனில் விலையை நான்தான் வைப்பேன் என்று ஒப்பந்தத்திலேயே போட வைத்தேன், விரிப்பு என் இஷ்டம். அவன் கலரை இப்போதைக்கு வாசல் தூணுக்கு மட்டும் அடித்திருக்கிறேன், முழுக்க அடித்துவிட்டால் அடுத்து வருகிறவனுக்கு வேலை வேண்டாமா.

தைரியமாக இரு மக்களே, நீ போகிற இடமெல்லாம் ஆண்டவர் உன்னோடு இருப்பார், அம்மாவும் உனக்காக ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒன்றை மறக்காதே. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் போன ஓனர்கள் பெயரை வாசிக்கும்போது என் பெயரை விழுங்காதே, முதலில் வாசி. இவர் என் அப்பா, மழையால் போனார் என்று எழுந்து நின்று சொல், ஏன் என்று விளக்கு. கேட்டுத் திருத்திக்கொண்டால் நல்லது. சிரித்தால், சிரிக்கிறவர்களை ஒரு மழை நாளில் இங்கே கிளம்பி வரச் சொல், ரூம் தருகிறேன், முழு விலைக்கு.

இப்படிக்கு,
உன் கம்பெனியால் பிடித்து வைக்க முடியாத, ஆனாலும் உன் அப்பா,
த. ஜெபசிங்