யாரும் அடைக்கக் கூடாத பள்ளம்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே தூறல். மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயில் கோரமண்டலிலேயே நிறைந்துவிட்டது. பங்காரப்பேட்டை வரை ஒற்றைக் கால். பெங்களூர் ஆபீஸுக்குள் ஈரச் சட்டையோடு.

திட்டத்தை நடத்தும் மேடம் ஒரு வேலை கொடுத்தார். வெள்ளிக்கிழமை, பணம் ஒதுக்கும் கமிட்டி எங்கள் ஊரான கோலார் தங்கவயலுக்கு வருகிறது. அதற்குள் எங்கள் சாலைச் சோதனையை ஒரே பத்தியில், இன்ஜினியர் அல்லாத நிதித்துறைக்காரருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டுமாம். மூன்று தடவை எழுதினேன், மூன்றும் குப்பை. நான்காவது:

“ஐந்து மாநிலங்கள் பங்கு போட்டு நடத்தும் சாலை ஆராய்ச்சி. அந்தந்த ஊரில் வீணாகக் கிடப்பதை வைத்துச் சாலை போட முடியுமா என்பது கேள்வி. இங்கே கிடப்பது தங்கச் சுரங்கத்துச் சயனைடு மண்மேடு. கோரமண்டல் சாலையில் ஒரு துண்டுக்கு அந்த மண்ணைச் சுத்திகரித்து, சிமெண்ட் கலந்து அடித்தளம் போட்டோம். ஒட்டினாற்போல் இன்னொரு துண்டு, வழக்கமான முறையில், அதே மாதத்தில் போட்டது. இரண்டின் மேலும் ஒரே லாரி, ஒரே மழை. எது முதலில் உடைகிறது என்பதே விடை. இரண்டாவதற்குப் பெயர் கன்ட்ரோல் துண்டு. உடைந்தாலும் அதை யாரும் தொடக் கூடாது.”

மேடம் படித்துவிட்டு, “நோடி, இங்க பாரு, கடைசி வரி முதல்ல வரணும்.”

மாற்றவில்லை. பத்தி நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கு எல்லா ஊருக்கும் பணம் இல்லை, பாதி ஊர் கழியும். நாங்கள் தங்கினால் களச் சோதனைக்கூடம் ஆண்டர்சன்பேட்டையில் வரும். பங்காரப்பேட்டை வண்டி ஏறாமல் சிலருக்கு வேலை, நான் உட்பட. கழிந்தால் என்னைக் குல்பர்கா பக்கம் தூக்கிப் போடுவார்கள். அம்மா இங்கே தனியாக.

வாங்க வேண்டியது: டார்ச் பேட்டரி, பெயின்ட், அம்மா முட்டிக்குத் தைலம்.

செப்டம்பர் 10, புதன்

வெயில். நாள் முழுக்க வீடியோ மீட்டிங். ஒரு மாநிலம், “எங்கள் பங்கு எங்கள் மண்ணுக்கே” என்கிறது. இன்னொன்று, முடிவு தெரிந்தபிறகு பங்கு தருவோம் என்கிறது. முடிவு தெரிந்தபிறகு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டுவிட்டேன். மைக் அணைந்திருப்பதாக நினைப்பு. அணையவில்லை.

மேடம் கோபிக்கவில்லை. பிறகு தனியாகச் சொன்னார்: சாலை போடத் தெரிந்த ஆட்கள் நிறைய. ஐந்து பேரை ஒரே கேள்வி கேட்க வைக்கத் தெரிந்தவர்தான் இல்லை. சரி. ஆனால் அதற்கு இத்தனை மணி நேரமா?

வண்டியில் பின்சீட்டில் இரண்டு பெண்கள்:
“ஏன்டி, உங்க சூப்பர்வைசர் இன்னிக்கும் கத்துனானா?”
“கத்தாத அன்னிக்கித்தான் பயமா கீது.”

செப்டம்பர் 11, வியாழன்

சீக்கிரம் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே கோரமண்டலில் இறங்கினேன். நாளை கமிட்டி. கடைசியாக ஒரு நடை பார்த்துவிடலாம் என்று.

சாலை ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. கல்லுக்கெல்லாம் வெள்ளை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மாவிலை. கம்பத்துக்கு இருபுறமும் கன்ட்ரோல் துண்டு (இனி க.து.). ஆரம்பத்திலிருந்து கம்பம் வரை, கிட்டத்தட்ட பாதி, எல்லாப் பள்ளமும் வழவழவென்று அடைபட்டிருந்தது.

ஆட்டோ ஸ்டாண்டு மூர்த்தி அண்ணன், எங்கள் லைன் வீட்டு வரிசையில் நாலாவது வீடு, கொத்தனார் கரண்டியோடு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“இன்னா தம்பி, எப்டி கீது? பெரிய மனுசங்க வராங்க, ரோடு பல்லு போன வாய் மாரி கீதேன்னு பசங்கள இட்டாந்து ரொப்பிட்டேன். சிமெண்ட் தீந்துட்சி, அதான் அந்தாண்ட பாதி நின்னுபோச்சி.”

எதைப் போட்டு என்று கேட்டேன்.

“உன் ரோட்ல நீ இன்னா போட்டியோ அத்தான். டம்ப்பு மண்ணு, சிமெண்ட்டு.”

சுத்திகரிக்காத சயனைடு மண். சோதிக்காத கலவை. அதுவும் க.து.வில். கத்தினேன். ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு வருஷ வேலை போச்சு, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்ஸ்பெக்‌ஷன்னா சுண்ணாம்பு அடிக்கறது, ஓட்டய அடைக்கறது, சுரங்கக் கம்பெனி காலத்துலர்ந்து நம்ம பழக்கம். வூட்டுக்கு ஆளு வந்தா நீ பெருக்க மாட்டியா? தொடக் கூடாதுன்னா சொல்லியிருக்கணும். சொன்னியா?”

சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லோருக்கும் மெயில் போட்டேன். மூர்த்தி அண்ணன் மெயிலில் இல்லை.

அம்மா: “அந்தாளு காலைலர்ந்து வண்டி ஓட்டல. சவாரி வுட்டுட்டு உனக்காகக் குந்திகினு பூசிகினு இருந்தான். மொதல்ல போயி ஒரு வார்த்த பேசு.”

போகவில்லை. மேடத்துக்கு போன். நடந்ததைச் சொன்னேன். “அடைபட்டதைக் காட்டாமல் மிச்சப் பாதியை மட்டும் காட்ட முடியுமா என்று நீ கேட்கவில்லையே?” கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன் என்றேன். “ஒள்ளேது, நல்லது. அப்போ நடந்ததை நடந்தபடி எழுது.”

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். ஒரே பத்தி. இம்முறை முதல் வரி: கன்ட்ரோல் துண்டு பாதி கெட்டுவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

மேகமூட்டம். கமிட்டி இரண்டு வண்டியில். மூர்த்தி அண்ணன் மாலையோடு ரெடி. என்னைப் பார்க்கவில்லை.

ஹைதராபாத்காரர் குனிந்து ஒட்டுப்போட்ட இடத்தைத் தட்டினார். “எவரு சேசாரு?” மூர்த்தி அண்ணன் தெலுங்கிலேயே, நாங்கதான் சார், நீங்க வர்றீங்கன்னுதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிதித்துறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் என்னிடம், “இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்குமா?”
“தெரிந்திருக்காது.”
“சரி.” குறித்துக்கொண்டார். எதைக் குறித்தார், தெரியவில்லை.

முடிவு, வண்டி ஏறும்முன்: ஒட்டுப்போட்டதைத் தோண்டி எடுத்து ஒதுக்க வேண்டும், அந்தப் பாதி கணக்கில் சேராது. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப்பக்கம் மிச்சமிருப்பது மட்டுமே இனி க.து. மழைக்காலம் முடியும்வரை அதில் யார் கை வைத்தாலும் கோலார் தங்கவயல் அவுட். பணம் வரிசையில் அடுத்த ஊருக்கு.

கடும் நிபந்தனைதான். நியாயமும்கூட. நானாக இருந்தால் இன்னும் கடுமையாகப் போட்டிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டம் போட்டேன். டீ என் செலவு. மூர்த்தி அண்ணனுக்கு முதல் கிளாஸ். கத்தினது தப்பு என்றேன். “குடி, ஆறிடப் போவுது” என்றார். அவ்வளவுதான்.

விளக்கினேன். இந்தத் துண்டு உடையணும். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஆழம் என்று அளந்தால்தான் பக்கத்துத் துண்டு எவ்வளவு நல்லது என்று சொல்ல முடியும்.

ஸ்கூல் ஆட்டோ ஓட்டும் பாபு: “அப்ப உன் கணக்குக்கு எங்க ஆக்சில் உடையணுமா?”
இன்னொருவர்: “இவுங்கம்மாவே நேத்து அதுல கால வுட்டாங்க, தெரியுமா?”

தெரியாது. அம்மா சொல்லவில்லை.

கடைசியில் மூர்த்தி அண்ணன்தான்: “ரொப்பத்தான் கூடாது. காட்டக் கூடாதுன்னு சொல்லலியே?” மிச்சச் சுண்ணாம்பை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றி வெள்ளை வட்டம். ஓரத்தில் டிரம், ஸ்கூல் ஆட்டோ போக வழி. நான் பள்ளத்துக்கு நம்பர் போட்டேன். சுண்ணாம்பு அளவைப் பாதிக்காது, மேடத்திடம் கேட்டுவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம்: ஏன் சொல்லவில்லை?
“சொன்னா நீ அடச்சிருவ.”
தைலம் தேய்த்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று நல்ல மழை. இன்று ஆபீஸில் பட்ஜெட் தாள். மதியம் சாப்பாட்டுக்கு முன் மூர்த்தி அண்ணன் போன். பின்னணியில் சத்தம்.

“தம்பி, எவனோ நம்ம வெள்ள வட்டத்த வீடியோ எடுத்து வாட்ஸப்ல வுட்டுட்டான். பள்ளத்துக்குக் கோலம் போட்ட ஊருன்னு. வார்டு கவுன்சிலருக்கு மானம் போச்சாம். தார் வண்டி வந்து நிக்குது!”

நிறுத்துங்க அண்ணே, ஒரு கரண்டிகூட விழக் கூடாது என்றேன்.

“நாலு வருசமா பக்கத்துல கீற ஸ்கெலட்டன் ஏரியா ரோட்டுக்கு மனு குட்த்தோம், ஒரு பக்கெட் தார் வரல. இன்னிக்கி வண்டியோட வந்துகீறாங்க. நீ வையி, நான் பாத்துக்கறேன்.”

வைக்கவில்லை. ஸ்பீக்கரில் தார் மேஸ்திரி: “ஏனப்பா இது, பள்ளம் மூட வந்தா அடிக்க வர்றீங்க?”
மூர்த்தி அண்ணன்: “யோவ், இது சும்மா பள்ளம் இல்ல, ஆராய்ச்சிப் பள்ளம். கவர்மெண்ட் பள்ளம். நம்பர் போட்டுகீது பாரு. கை வச்சே, அஞ்சு ஸ்டேட்டு வந்து கேக்கும்.”
பாபு குரல்: “தாரு வேஸ்ட் ஆவுதுன்னா ஸ்கெலட்டனுக்கு இட்டுகினு போ, வழி காட்டறேன்.”

பிறகு லைன் கட். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. மேடத்திடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட்டம். வண்டி ஒயிட்ஃபீல்டில் சும்மா நின்றது. சிக்னலாம்.

கோரமண்டலில் இறங்கி நேராகச் சாலைக்கு. டிரான்ஸ்பார்மர் பக்கம் ஆட்டோக்கள் குறுக்கே வரிசையாக. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மூர்த்தி அண்ணன். தார் வாசனை ஸ்கெலட்டன் பக்கமிருந்து வந்தது.

க.து.வில் தார் இல்லை. ஒரு சொட்டுகூட.

அளவுகோல் எடுத்து உட்கார்ந்தேன். அவர் டார்ச் பிடித்தார். நாலாம் நம்பர் பள்ளம் சுண்ணாம்பு வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

“இன்னா தம்பி, பெருசாயிட்சா?”

ஆயிடுச்சு அண்ணே.

“அப்பாடா” என்றார்.