ஹார்லன் கொடுத்த படகு

ஏப்ரல் 28, செவ்வாய்

ஹார்லனின் பழைய படகை டிராக்டர் இழுத்து வந்து என் முற்றத்தில் விட்டுப் போயிருக்கிறது. முப்பத்தோரடி ஃபைபர் படகு, வயது முப்பதுக்கு மேல். மேல்பூச்சு சுண்ணாம்பாக உதிர்கிறது. தொட்டால் கை வெளுக்கிறது. ஓட்டை எங்கும் இல்லை. தங்கை புருஷன் என்ற முறையில் ஹார்லன் பாதி விலைகூடக் கேட்கவில்லை. "வீட்டுக்குள்ள என்ன வியாபாரம் பெர்டா, எடுத்துக்கோ" என்றான். நடீனுக்கு நல்ல புருஷன்தான் வாய்த்திருக்கிறான்.

ஜூன் கடைசியில் சிங்கி இறால் ஓடு கழற்றிக்கொண்டு கரைப்பக்கம் ஏறும். அதற்குள் என் கூண்டுகள் ஆட்டுப் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டுக்கு மேற்கே இறங்கியாக வேண்டும். இந்தத் தீவில் எந்தப் பார் யாருக்கு என்று எவனும் எழுதி வைக்கவில்லை. ஒரு பருவம் உன் கூண்டின் மிதவை அங்கே மிதக்கவில்லை என்றால் அடுத்த பருவம் அது உன் இடம் இல்லை, அவ்வளவுதான். அக்டோபரில் என் மரப்படகைக் கட்டிப்போட்ட இடத்திலேயே இடித்து மூழ்கடித்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் பெயரை இந்த நோட்டில் எழுதக்கூடாது என்று இருந்தேன். வெர்னல். வெர்னல். வெர்னல்.

மே 4

மூன்று நாளாக உப்புத்தாள். மூக்குக்குள், காதுக்குள், காபிக்குள் வெள்ளைத் தூள். புதுப் பூச்சு என் கையாலேயே அடிக்கப் போகிறேன். ஜெல்கோட் அடித்து எனக்குப் பழக்கமில்லை. மரத்துக்குத் தூரிகை பிடித்த கை இது. ஸ்ப்ரே கன்னை ஹார்லன்தான் இரவல் வாங்கித் தந்தான். யோசனையும் அவனே சொன்னான்: "அணியத்துல ரொம்பத் தேய்க்காத. படகு மூக்குல ஃபைபர் மெலிசு. லேசா ஒரு கை ஓட்டிட்டு மேலயே அடிச்சு விட்ரு."

என் படகை இடித்தது வெர்னல்தான் என்பதற்கு சாட்சியும் ஹார்லன்தான். படகு மூழ்குவதற்கு இரண்டு வாரம் முன்பு என் மிதவைகளில் நான்கின் குச்சியில் யாரோ கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தார்கள். இங்கே யாரும் வாய் திறந்து மிரட்டமாட்டார்கள். முடிச்சுப் போட்டால் நகரு என்று அர்த்தம். நான் நகரவில்லை. மூழ்கிய அன்று காலை மூடுபனியில் வெர்னலின் படகு என் பக்கம் சுற்றியதை ஹார்லன் பார்த்திருக்கிறான்.

மே 9, சனி

செய்துவிட்டேன்.

விடிந்து மூடுபனி விலகுவதற்குள் ஹார்லனின் துடுப்புப் படகில் போனேன். ஆரஞ்சும் கறுப்புமாக வெர்னலின் மிதவைகள். இருபத்திரண்டு கயிறு அறுத்தேன். அறுபட்டதும் மிதவை லேசாகத் துள்ளி நகரும். கூண்டு அடியிலேயே கிடக்கும், யாருக்கும் கிடைக்காது. கடல் காவலில் மாட்டினால் உரிமம் மூன்று வருடம் போகும். போகட்டுமே. ஆறு மாதத்தில் இன்றுதான் நிம்மதியாகப் பசித்தது. சனிக்கிழமைக்கு வழக்கமான பீன்ஸ், இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மே 16

வெர்னலின் கூண்டுகள் இருந்த இடத்தில் ஹார்லனின் மிதவைகள். கேட்டேன். "இடம் சும்மா கெடக்கலாமா?" என்று சிரித்தான். அதுவும் சரிதான்.

மே 17

அடித்தேன்! ஜெல்கோட் கூழ் மாதிரி இருக்கிறது. கன் இருமி இருமித் துப்பியது. கன்னுக்குள்ளேயே இறுகிவிடுமோ என்று பயந்து காலைக் குளிரில் முதல் வாளிக்கு, பூச்சை இறுக வைக்கிற ஹார்டனரைக் குறைத்தே ஊற்றினேன். அந்த வாளி அணியத்துக்குப் போனது. சாயங்காலம் தூர நின்று பார்த்தேன். பல் மாதிரி வெள்ளை. இதில் ஏறி வெர்னலின் முகத்துக்கு முன்னால் போகும் நாளை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

மே 19

காயவில்லை. இரண்டு நாள் ஆகிவிட்டது. கை வைத்தால் கையோடு வருகிறது.

மே 20

கறுப்பு ஈக்கள் கிளம்பிவிட்டன. கோடிக்கணக்கில். அத்தனையும் என் படகில் வந்து ஒட்டிச் செத்துக் கிடக்கின்றன.

துறையில் ஒரே கும்மாளம். "என்ன பெர்டா, படகுக்கு மீசை முளைச்சிருக்காமே?" "சவரம் பண்ணிட்டுக் கடல்ல இறக்கு, சிங்கி பயந்துரும்." வெர்னலும் தன் டிரக்கை வேலியோரம் நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, "மெழுகு கலக்கலியா?" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான். மெழுகாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரரும் அதையே கேட்டார். "அது அச்சுக்குள்ள அடிக்கிற சரக்கும்மா. காத்து பட்டா மேல காயாது. மெழுகு கலந்தா அது மேல வந்து காத்த மறைச்சிக்கும். டப்பாவிலேயே போட்டிருக்குமே?" போட்டிருக்கிறது. படித்தால்தானே. முன்யோசனை இல்லாதவளுக்கு முதுகிலும் ஈ.

மே 24

பக்கங்களில் மேல்பிசுக்குதான், அசிடோன் போட்டுத் துடைத்ததும் அடியில் இறுகியிருந்தது. அணியம் மட்டும் அடிவரைக்கும் காயாத களி. ஹார்டனர் குறைத்த வாளி. சுரண்டுகோலால் வழித்தேன். ஆத்திரத்தில் அரவை மெஷினைப் போட்டு ஹார்லன் வேண்டாமென்ற இடத்தில் ஆழமாகவே ஓட்டினேன்.

மெலிசு ஒன்றும் இல்லை. கட்டை மாதிரி கனம். ஆனால் என் முழங்கை நீளத்துக்கு ஒரு ஒட்டு — அவசரத்தில் பட்டி அப்பி மூடிய ஒட்டு. தட்டினேன், பெயர்ந்து வந்தது. உள்ளே ஆழமான கீறல். கீறலுக்குள் பச்சை.

ஒருமுறை கண்ணை மூடித் திறந்தேன். பச்சைதான். கடையில் கிடைக்கும் பச்சை இல்லை. வீட்டுத் தாழ்வாரத்துக்கு வாங்கிய பச்சையில் டிரக்குக்கு அடித்து மிஞ்சிய கறுப்பை ஊற்றி நானே குச்சியால் கலக்கியது. இந்தக் கடற்கரை முழுக்க அந்தப் பச்சை என் மரப்படகில் மட்டும்தான் இருந்தது.

இந்தப் படகு. இந்த மூக்கு. அடப்பாவி ஹார்லன்.

மே 25

சாப்பிடவில்லை. கயிறு அறுத்த கத்தியை எடுத்துக் கழுவினேன். கழுவி என்ன?

மே 28

நடீன் வந்தாள். அணியத்தைக் காட்டினேன். அவள் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"ஒரே மூடுபனி அக்கா. ஒண்ணுமே தெரியலியாம். வேணும்னா இடிப்பாரு?"

"இடிச்சது போகட்டும்டி. வெர்னல்னு ஏன் சொன்னான்?"

"பயந்துட்டாரு. ஏதோ வாய் தவறி வந்துருச்சு, அப்புறம் எப்படி மாத்துறது? அதான் படக உனக்கே கொடுத்தாருல்ல. மேல பூசிடுக்கா. ஒரு நாள் வேலை."

பயமா? பயந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பான். இவன் என் கையில் துடுப்புப் படகைக் கொடுத்து, வெர்னலின் மேல் என்னை ஏவிவிட்டு, காலியான இடத்தில் தன் கூண்டை இறக்கியிருக்கிறான். நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி என்னை அவிழ்த்துவிட்டிருக்கிறான். நானும் கடித்தேன். படகை இடித்ததை மன்னித்திருப்பேன், சத்தியமாக. இதை மன்னிக்கமாட்டேன்.

நடீனிடம் "பூசுறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 3

கடையில் நிறமில்லாத ஜெல்கோட் இருக்கிறதாம். கண்ணாடி மாதிரி. ஒரு டப்பா வாங்கினேன். மெழுகும் வாங்கினேன்.

ஜூன் 7

இன்று எனக்கு அவசரமே இல்லை. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஹார்டனரை அளந்து ஊற்றினேன். முதலில் அட்டைப்பெட்டி மேல் அடித்துப் பார்த்தேன், அப்புறம்தான் படகு. ஒரே சீராகக் கையை ஓட்டி மெல்லிசாக மூன்று தடவை. கடைசித் தடவைக்கு மட்டும் மெழுகு. பக்கங்களெல்லாம் வெள்ளை. அணியத்தில் கீறல் இருந்த இடத்தை மட்டும் தாள் ஒட்டி மறைத்து, கடைசியில் தாளை உரித்துவிட்டு அங்கே நிறமில்லாததை அடித்தேன். இடப்பக்கம் ஓரிடத்தில் வழிந்துவிட்டது. கற்றுக்குட்டி வேலைதான், ஆனால் ராத்திரிக்குள் கல்லாக இறுகிவிட்டது.

ஜூன் 10

தேய்த்து மெருகு போட்டாயிற்று. கீறல் கண்ணாடிக்கடியில் கிடக்கிற மாதிரி பளிச்சென்று தெரிகிறது. தண்ணீர் போகாது, உரிக்கவும் முடியாது. பச்சை முன்னைவிட நன்றாக இருக்கிறது.

ஹார்லன் வந்தான். அணியத்தில் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறேன். நடீன் அவனிடம் ஏதோ சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள், தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூக்க ஏன் மூடி வெச்சிருக்க?"

"கல்யாணப் பொண்ணு ஹார்லன். இறக்குற அன்னைக்குப் பாத்துக்கோ."

"பூசிட்டதானே?"

"ஒன்னோட சரக்கு, பூசாம விடுவேனா?"

சிரித்தான் பாவி. பீர் கொடுத்தேன், குடித்தான்.

ஜூன் 20, சனி

இறக்கினோம். துறையில் பாதித் தீவு நின்றது. மீசைப் படகைப் பார்க்க வந்த கூட்டம். டிராக்டர் சரிவில் நின்றதும் நானே போய்த் தார்ப்பாயை அவிழ்த்தேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. "இங்க அடிக்க மறந்துட்டியா?" என்று ஒருவன். அப்புறம் கிட்டே வந்தான். குனிந்தான். விரலால் தடவினான். ஒவ்வொருவராக வந்தார்கள், பார்த்தார்கள், திரும்பி ஹார்லனைப் பார்த்தார்கள். என் பச்சை அவர்களுக்குத் தெரியும். யார் படகு இது என்றும் தெரியும். ஹார்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், யாரும் கேட்க நிற்கவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனான். நடீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை வாங்கிக்கொள்வேன், பரவாயில்லை. எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், தேனாக இனித்தது.

கடைசியாக வந்தது வெர்னல். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.

"முடிச்சு போட்டது நான்தான்" என்றான். "உன் கூண்டு என் கயித்து மேல கெடந்துச்சு. ஆனா படக நான் தொடல."

"தெரியுது."

"நல்லாத்தான் தெரியுது." பிறகு தலையைத் தூக்காமலே, "என் கூண்டுங்கள அறுத்தவனுக்கும் இப்படி ஒரு கண்ணாடி போட முடியுமா பெர்டா?"

கூட்டம் கலைந்திருந்தது. நான் மட்டும்தான் நின்றேன். சொல்லாமல் போயிருக்கலாம்.

"நான்தான். இருபத்திரண்டு."

"இருபத்தி நாலு" என்றான். "ரெண்ட எண்ண மறந்துட்ட."

"புதுக் கூண்டு வாங்கித் தரேன். இல்ல கடல் காவலுக்குப் போய்ச் சொல்லு. இல்ல என் கயித்த அறு. என்ன வேணுமோ செய், இப்பவே சொல்லு."

தொப்பியைப் போட்டுக்கொண்டான். "அவசரம் என்ன? யோசிச்சு சொல்றேன்."

ஜூன் 23

ஆட்டுப் பாருக்கு மேற்கே நூற்றைம்பது கூண்டு இறக்கிவிட்டேன். இடம் என்னுடையதுதான். ஹார்லன் தன் மிதவைகளைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்விட்டான்; அங்கேயும் அவனோடு யாரும் பேசுவதில்லையாம்.

ஜூலை 2

நேற்று வெர்னலின் வாசலில் இருபத்து நாலு புதுக் கூண்டு இறக்கி வைத்தேன். இன்று காலை அத்தனையும் என் வாசலில் அடுக்கியிருந்தது. சீட்டு ஒன்றும் இல்லை.

ஜூலை 9

எல்லாக் கயிறும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

ஜூலை 15

எல்லாம் இருக்கிறது. கடல் காவல்காரர் என் படகில் ஏறினார், அளவுகோலை எடுத்து சிங்கிகளை அளந்தார், வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார். என் சட்டை நனைந்துபோயிருந்தது.

ஜூலை 21

நானாக இருந்தால் அன்றைக்கே அறுத்திருப்பேன். அவன் என்ன மனுஷன்?

ஜூலை 28

இந்தப் பருவத்தின் நல்ல பிடிப்பு இன்று. தூக்கிய கூண்டெல்லாம் சிங்கி. ஒரு கயிறும் அறுபடவில்லை. பாருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெர்னல் வழக்கம்போலக் கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். இன்னும் யோசித்துச் சொல்லவில்லை. நாளை நான்கு மணிக்கே போய்க் கயிறுகளை மறுபடி எண்ண வேண்டும்.