கம்பி கட்டிய பட்டன்

தஞ்சாவூர்,
9.6.2024

அன்புள்ள ஜாஹித்,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலு மாதமாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். பிழையிருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்.

அன்றைக்குக் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ஒரு பிரேக் தகடு சிக்கிக்கொண்டது. நீ கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருந்தாய். "இன்னைக்கு டார்கெட் போச்சுடா" என்று நான் புலம்பினேன். "விடுடா" என்றாய். கவலையை விடு என்றுதான் சொன்னாய். எங்கள் ஊர் குத்தாலத்தில் அப்பா வாய்க்கால் கரையில் நின்று "விடுடா" என்றால் மதகைத் திற என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். உன் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணையில் "அவன்தான் விடுன்னான்" என்றேன். பொய்யில்லையே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் கவனக்குறைவு என்று எழுதி உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடு.

உன்,
நாகநாதன்

அதிராம்பட்டினம்,
20.6.2024

நாகா,

இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கம்பியைப் பற்றி ஒரு வரி இல்லையே.

இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் அந்த மெஷின் இறங்கும். வேகமாக ஓட்ட வேண்டுமென்று ஒரு பட்டனை நீ கம்பியால் கட்டி வைத்திருந்தாய். அதனால்தான் நீ ஒரு கையால் அழுத்தியதுமே இறங்கிவிட்டது. நான் கையைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது நீ முதலில் அந்தக் கம்பியை அறுத்தாய். பிறகுதான் என்னிடம் ஓடி வந்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சொன்னது உனக்கு வேறாகக் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய், சரி. கம்பெனியில் எழுதிக் கொடுத்தாயா?

ஜாஹித்

தஞ்சாவூர்,
12.7.2024

அன்புள்ள ஜாஹித்,

கொடுத்துவிட்டேன். பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், அவ்வளவு கோழை நான். கம்பி கட்டியது, அறுத்தது, உன்மேல் பழி போட்டது எல்லாம் எழுதியிருக்கிறேன். மேனேஜர் படித்துவிட்டு, "முடிஞ்சுபோனதை எதுக்குப்பா கிளறுறே?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அதன்பிறகு மறுபடி விசாரித்து, என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உன்மேல் தப்பில்லை என்று உனக்குக் கடிதம் வரும்.

பார்க்க வரட்டுமா? உம்மாவை விசாரித்ததாகச் சொல்.

நாகநாதன்

அதிராம்பட்டினம்,
24.7.2024

நாகா,

கம்பெனிக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வா.

உம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உனக்காக துஆ செய்கிறார்கள். நடந்ததை நீயே வந்து சொல்லிவிடு. நான் பக்கத்தில் இருக்கிறேன்.

ஜாஹித்